இராமேசுவரம்: மணல் இலிங்கமும் நெடும் பிராகாரமும்

பாரத நாட்டின் நான்கு திசைகளையும் காக்கும் நான்கு தாமங்கள், அதாவது வாழ்நாளில் ஒருமுறையேனும் சென்று வழிபட வேண்டிய பெருந்தலங்கள், என்று மரபு குறிப்பிடுவனவற்றுள் வடக்கே பத்ரிநாத், மேற்கே துவாரகை, கிழக்கே புரி ஆகிய மூன்றும் திருமாலுக்குரியவையாக இருக்க, தெற்கே உள்ள இராமேசுவரம் மட்டுமே சிவத்தலமாகும். அங்குள்ள சிவலிங்கத்தை நிறுவியவனும் திருமாலின் அவதாரமாகிய இராமனே என்று தலபுராணம் கூறுவதால், சைவர்க்கும் வைணவர்க்கும் ஒருங்கே உரிமையுடைய தலமாக அது விளங்குகிறது. சோதிர்லிங்கத் தலங்கள் பன்னிரண்டனுள் தமிழ் மண்ணில் உள்ளது இது ஒன்றே. அப்பரும் சம்பந்தரும் பாடியதால் தேவாரத் தலம் என்ற தகுதியும் இதற்கு உண்டு. வடநாட்டவரும் தென்னாட்டவரும் ஒரே கிணற்றடியில் வரிசையில் நின்று நனையும் காட்சியை வேறு எந்தத் தமிழ்க் கோயிலிலும் இந்த அளவில் காண இயலாது.

தலத்தின் கதை பலரும் அறிந்ததே. இராவணன் அரக்கர் குலத் தலைவனாயினும் விசிரவசு முனிவரின் மகன் ஆதலால், அவனைக் கொன்ற இராமனைப் பிரமகத்தி, அதாவது அந்தணனைக் கொன்ற பாவம், பற்றியது என்றும், அதனைப் போக்கிக்கொள்ளச் சிவலிங்கம் ஒன்றை நிறுவி வழிபட எண்ணிய இராமன், கயிலையிலிருந்து இலிங்கம் கொண்டுவருமாறு அனுமனை அனுப்பினான் என்றும், குறித்த நல்வேளை நெருங்கியும் அனுமன் திரும்பாமையால் சீதை கடற்கரை மணலைக் குவித்துப் பிடித்த இலிங்கத்தையே நிறுவிப் பூசனையை முடித்தனர் என்றும் கந்தபுராணத்தின் பகுதியாகிய சேது மாகாத்மியம் விரித்துரைக்கிறது. வால்மீகியின் காவியத்தில் இந்நிகழ்ச்சி இவ்வளவு விரிவாக இல்லை. தமிழில் இராமனை இக்கரையோடு தொடர்புபடுத்தும் மிகப் பழைய குறிப்பு அகநானூற்றின் 70ஆம் பாடலில் உள்ளது. அதில் இலிங்கமும் இல்லை, அனுமனும் இல்லை. கோடி எனப்படும் கடற்றுறையில் விழுதூன்றிய ஆலமரத்தின் கீழ் இராமன் அரிய செய்தியொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மரத்திலிருந்த பறவைகளின் ஆரவாரத்தை அடக்கினான் என்பதே அதில் வரும் செய்தி. கோயில் எழுவதற்கு முன்பே கதை இக்கரையில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அப்பாடலே போதுமான சான்று.

மணல் இலிங்கத்தின் கதை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. இலிங்கத்துடன் வந்து சேர்ந்த அனுமன், தன் உழைப்பு வீணாயிற்றே என்று மனம் கசந்து, நிறுவப்பட்டிருந்த மணல் இலிங்கத்தைத் தன் வாலால் சுற்றி இழுத்துப் பெயர்க்க முயன்று தோற்றான். அவன் வாட்டத்தைத் தணிக்க இராமன், அவன் கொண்டுவந்த இலிங்கத்தை வடபுறத்தில் நிறுவி, அதற்கே முதற்பூசை நிகழவேண்டும் என்று விதித்தான். இன்றும் விசுவநாதர் எனப்படும் அவ்விலிங்கத்துக்குப் பூசை நடந்த பின்னரே மூலவராகிய இராமநாதருக்குப் பூசை நடைபெறுகிறது. தலபுராணங்கள் பெரும்பாலும் தெய்வத்தின் ஆற்றலையும் அடியாரின் பணிவையும் பேசுவன. தாமதமாக வந்த ஏவலாளின் கோபத்துக்கு நியாயம் வழங்கி, அந்த நியாயத்தை அன்றாடப் பூசை முறையாகவே நிலைநிறுத்திய புராணம் இது போல் மற்றொன்று கிடைப்பது அரிது.

இதற்கு இணையான மற்றொரு கதை சேதுமாதவர் சந்நிதியைப் பற்றியது. பிள்ளையில்லாத புண்ணியநிதி என்னும் பாண்டியன், இங்குக் கண்டெடுத்த பெண் குழந்தையை மகளாக வளர்த்து வந்தான். அவள் திருமகளே என்பது அவனுக்குத் தெரியாது. முதிய அந்தணர் ஒருவர் அவள் கையைப் பற்ற, சினந்த அரசன் அவரைச் சங்கிலியால் பிணைத்துச் சிறையிட்டான். இரவில் கனவில் உண்மை விளங்கிற்று. வந்தவர் திருமால் என அறிந்து அரசன் மன்னிப்பு வேண்டியபோது, பிணைப்பு அப்படியே இருக்கட்டும் என்று இறைவன் அருளினான். கோயிலினுள் வெண்மையாகக் காட்சியளிக்கும் அத்திருமேனியின் காலில் சங்கிலியைக் காட்டித்தான் இக்கதையைச் சொல்வார்கள்.

கதைகளிலிருந்து கட்டடத்துக்கு வரும்போது முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது, இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவு மணற்றிட்டு என்பதாகும். கோயில் கட்டத் தகுந்த வன்கல் தீவில் கிடைப்பதில்லை. ஆகவே, இன்று இங்கே நிற்கும் ஒவ்வொரு கருங்கல் தூணும், ஒவ்வொரு உத்திரமும், கூரையிட்ட ஒவ்வொரு பாவுகல்லும் பெருநிலத்தில் வெட்டப்பட்டு, வண்டியேறி, பாம்பன் கால்வாயைத் தோணியில் கடந்து வந்தவை. தொடக்கத்தில் கூரை வேய்ந்த எளிய குடிலாக இருந்த சந்நிதி, 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் படை இத்தீவைக் கைக்கொண்ட காலத்தில் கற்கோயிலாயிற்று என்பது மரபுச் செய்தி. பாண்டியருக்கும் இலங்கை அரசருக்கும் நடந்த போரின் இடையில் எதிரியின் திருப்பணி ஒன்று கோயிலின் நடுவிடத்தில் அமைந்துவிட்டதை எவரும் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

கோயிலை இன்றைய பேருருவுக்கு வளர்த்தவர்கள் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். சேதுவுக்கு, அதாவது இராமன் கட்டிய அணைக்கு, காவலர் என்பதே அவர்களுடைய பட்டப்பெயர். சேதுவுக்கு வரும் யாத்திரிகரின் பாதுகாப்பே அவர்களது ஆட்சியுரிமைக்கு அடிப்படை. அந்தப் பொறுப்பை அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கருதினர் என்பதற்குத் தீவின் இரு ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கூறுவர். விஜய ரகுநாத சேதுபதி, பாம்பனில் அதிகாரியாக இருந்த தம் மருமகன் யாத்திரிகர்களிடம் தோணிக் கடவுக்கு வரி வாங்கியதை அறிந்து, அவனுக்கு மரண தண்டனை விதித்தார் என்றும், அவனை மணந்திருந்த அரசரின் புதல்வியர் இருவரும் தீப்பாய்ந்தனர் என்றும், அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் ஊர்களாயின என்றும் வழங்கும் செய்தியை, அவ்வழியே செல்லும் பேருந்துகளில் இன்றும் யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்கலாம். வரியின் தொகை என்ன என்று எவரும் சொல்வதில்லை, வாங்கியதே குற்றம்.

இரண்டாம் பிராகாரத் திருப்பணி 17ஆம் நூற்றாண்டில் திருமலைச் சேதுபதியின் பெயரோடு தொடர்புடையது. பிராகாரம் என்பது சந்நிதியைச் சுற்றி வருவதற்கான சுற்றுவெளி. பெரும்பாலான கோயில்களில் அது வானம் பார்த்த முற்றமாக இருக்கும். இங்கே அது முழுதும் தூண்வரிசையும் கற்கூரையும் உடைய மண்டப வீதியாக்கப்பட்டது. உலகறிந்த மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் எழுந்து, முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் நிறைவெய்தியது. குழந்தைப் பருவத்திலேயே பட்டமேற்று, 1795இல் ஆங்கிலேயரால் பதவி நீக்கப்பட்டு, சென்னையில் சிறையிலேயே உயிர்நீத்த அம்மன்னரின் சிலை, பிரதானிகள் இருவரின் சிலைகளுடன் மேற்கு வாயிலை அடுத்து நிற்கிறது. நாட்டை இழந்தவர், கட்டிய வீதியின் தொடக்கத்தில் கைகூப்பியபடி நிற்கும் இடத்தை எவராலும் பறிக்க முடியவில்லை.

இம்மூன்றாம் பிராகாரம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடியும், தெற்கு வடக்காக 435 அடியும் நீள்வது. இதன் தூண்கள் 1212 எனக் கணக்கிட்டுள்ளனர். நடைபாதையின் இருபுறமும் ஏறக்குறைய ஆளின் மார்பளவுக்கு உயர்ந்த மேடைகள் அமைத்து, அவற்றின் மீது தூண்களை நிறுத்தியிருப்பதே இதன் கட்டுமானச் சூழ்ச்சி. தரையிலிருந்தே எழும் தூண் நடப்பவனின் பார்வையைத் தன் அடிப்பகுதியில் நிறுத்திவிடும். மேடைமேல் நிற்கும் தூணோ கண்ணை மேலும் முன்னும் ஒருங்கே இழுக்கும். தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகைகள், அதாவது தாங்குகட்டைகள், இருபுறமிருந்தும் முன்னோக்கி நீண்டு ஒன்றையொன்று நெருங்குவதால், அகன்ற பாதையைக் கல்லால் மூடுவது இயன்றதோடு, தொலைவில் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துச் சென்று ஒரு புள்ளியில் கூடுவது போன்ற தோற்றமும் கிடைக்கிறது. ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாற்று நூலில், திராவிடப் பாணியின் சிறப்புகளும் குறைகளும் ஒருங்கே திரண்ட கோயில் இது என மதிப்பிட்டு, இதன் பெருமை பிராகாரங்களிலேயே உள்ளது என்று கூறி, அவற்றின் மொத்த நீளத்தை ஏறத்தாழ 4000 அடி என்று கணித்தார்; இங்கிலாந்தின் பேராலயங்கள் எவையும் இந்நீளத்துக்கு ஈடாகா என்று ஒப்பிடவும் செய்தார். சிற்பச் செறிவில் மதுரைக்கும், விமான அழகில் தஞ்சைக்கும் இக்கோயில் ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தூண்களிற் பல சுதை பூசி வண்ணம் தீட்டப்பட்டவை, தனித்தனியே நின்று பார்க்கத் தக்கவை மிகுதியில்லை. ஆனால் இது நின்று பார்ப்பதற்காகக் கட்டிய இடமன்று, நடப்பதற்காகக் கட்டியது.

அந்த நடையைக் குழந்தைப் பருவத்தில் அறிந்தவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். 1970களின் தொடக்கத்தில் சிவகங்கைச் சீமையின் ஊர்களிலிருந்து சேது யாத்திரை புறப்படும் குடும்பங்கள் மானாமதுரையில் மீட்டர்கேஜ் இரயிலேறி வருவது வழக்கம். பாம்பனைக் கடக்கச் சாலைப் பாலம் அப்போது இல்லை, அது 1988இல்தான் திறக்கப்பட்டது. 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலத்தின்மேல் வண்டி நடைவேகத்துக்குத் தணிந்ததும் பெட்டியில் பேச்சு அடங்கும். பெரியவர்கள் கடலில் காசு எறிவார்கள். பிள்ளைகளின் சட்டையைப் பின்னாலிருந்து யாரேனும் பற்றிக்கொண்டிருப்பார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலில் பாம்பன்–தனுஷ்கோடிப் பயணியர் வண்டியைக் கடல் கொண்டுபோனதும், தனுஷ்கோடி ஊரே அழிந்ததும் அப்போது பழங்கதையாகியிருக்கவில்லை. "ஐயா, சன்னலுக்கு வெளிய தலைய நீட்டாதே, சாமியப் பாத்துட்டு வரும்போது எவ்வளவு வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்று இக்கட்டுரையாளரின் அப்பத்தா பேரனிடம் கூறியதில் கடலைப் பற்றிய அச்சமும் சாமியின் மீதான நம்பிக்கையும் சரிபாதி கலந்திருந்தன.

யாத்திரையின் முறை கிழக்கு வாசலுக்கு நேரெதிரே உள்ள கடலாகிய அக்னி தீர்த்தத்தில் தொடங்குகிறது. அங்கு அலை இல்லை. குளம் போலக் கிடக்கும் கடலில் முழுகி எழுந்து, ஈரத்துணியுடனேயே கோயிலினுள் நுழைந்து, உள்ளேயுள்ள 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். தீர்த்தம் என்பது இங்கே பெரும்பாலும் கிணற்றையே குறிக்கும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி என்றும், பாலம் கட்டிய வானரர்களான நளன், நீலன், கவயன் பெயராலும், கங்கை, யமுனை, கயை என்னும் வடநாட்டுப் புனித நீர்நிலைகளின் பெயராலும் அவை அமைந்து, கோடி தீர்த்தத்தில் முடிகின்றன. கிணற்றின் கைப்பிடிச் சுவரின்மேல் வெறுங்காலுடன் நின்றுகொண்டு, கயிறு கட்டிய வாளியைத் தலைகீழாகக் கிணற்றில் எறிந்து, அது நிறைந்த கணத்திலேயே ஒரே இழுப்பில் மேலேற்றி, வரிசையில் நிற்போர் தலையில் கவிழ்க்கும் ஆட்களின் கைப்பழக்கம் தனிக்கலை. வாளி சுவரில் இடிக்காது, நீர் வீணாகாது, கிணற்றடி வழுக்கினாலும் அவர்கள் கால் பிசகாது. ஒரு கூட்டத்தைக் கூட்டிச் செல்லும் ஆள் முன்னே ஓட, வாளியும் கயிறும் அவருடன் கிணற்றுக்குக் கிணறு செல்ல, நனைந்த குடும்பம் பின்னே ஓடும். பேரன்மாருக்கு அது விளையாட்டு. அப்பத்தாவுக்கோ ஏழெட்டுக் கிணறுகளுக்குப் பிறகு பல் கிட்டித்தது. இருப்பினும் ஒவ்வொரு கிணற்றிலும் தலையில் விழுந்த நீரில் ஒரு மிடறு உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, "இது அந்தக் கெணத்துத் தண்ணி மாதிரி இல்ல, இது வேற" என்று தீர்ப்புச் சொல்ல அவர் தவறவில்லை.

அந்தத் தீர்ப்பு முற்றிலும் பக்தியின் மிகையன்று. கடலிலிருந்து சில நூறு அடி தொலைவில் கிணறுகள் உவர்க்காமல் இருப்பதற்கும், ஒன்றுக்கொன்று சுவை வேறுபடுவதற்கும் மணற்றீவின் இயல்பே காரணம். மணலில் இறங்கும் மழைநீர், அடியில் ஊறியுள்ள கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால், அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். ஆழமில்லாத கிணறு அப்படலத்தை மட்டும் தொட்டு நன்னீர் தரும். ஆழத் தோண்டினாலோ அளவுக்கு மீறி இறைத்தாலோ உப்பு மேலேறிவிடும். ஒரே பெரிய குளம் வெட்டாமல், சிறுசிறு கிணறுகளாகப் பலவற்றைப் பரப்பி வைத்ததில் நீரைப் பற்றிய அனுபவ அறிவு இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. ஒரு கிணற்றில் எல்லாரும் இறைத்திருந்தால் அது என்றோ உவர்த்திருக்கும்.

தீர்த்தமாடிய நீர் ஆயிரக்கணக்கானோரின் ஆடைகளிலிருந்து பிராகாரத் தரையில் சொட்டுகிறது. உப்புக்காற்றும் இந்த ஓயாத ஈரமும் சேர்ந்து கல்லையும் சுதையையும் அரிப்பது கோயிலின் நீங்காத நோய். சந்நிதிப் பகுதியின் பழைய சுண்ணாம்புக்கற் கட்டுமானத்தை அகற்றிக் கருங்கல்லால் அமைக்கும் திருப்பணி 1907 முதல் 1925 வரை நடந்ததற்கும் இதுவே பின்னணி. அதனைச் செய்தவர்கள் தேவகோட்டை ஜமீன்தார் குடும்பத்தினர். 17ஆம் நூற்றாண்டில் தளவாய் சேதுபதி தொடங்கி அரைகுறையாக நின்றிருந்த கிழக்குக் கோபுரத்தை 1897 முதல் 1904 வரை உழைத்து, ஒன்பது நிலைகளுடன் 126 அடி உயரத்துக்கு எழுப்பி முடித்தவர்களும் அவர்களே. தெற்கிலும் வடக்கிலும் கோபுரங்கள் நெடுங்காலம் அடித்தளத்தோடு நின்றதால் மொட்டைக் கோபுரங்கள் என்றே ஊரார் அழைத்தனர். 1970களில் சென்ற பிள்ளைகள் கண்டவை அவையே. தேவகோட்டைக்கு அருகிலிருந்து வந்த அப்பத்தா, கிழக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது இராமனைவிடத் தம் ஊர்ப்பக்கத்தவரையே அதிகம் பாராட்டினார்.

உலர்ந்த ஆடை உடுத்திய பிறகே மூலவரை வழிபடலாம் என்பது விதி. பெரிய சுதை நந்தியைக் கடந்து உள்ளே செல்லுந்தோறும் கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, பிராகாரத்தின் விரிவுக்கு நேர்மாறான குறுகிய இடத்தில் கருவறை அமைந்திருக்கிறது. அங்குப் பூசை செய்வோர் தமிழ்நாட்டின் பிற சிவாலயங்களில் உள்ள ஆதிசைவக் குருக்கள் அல்லர். மராட்டிய வழிவந்த அந்தணர்கள். அவர்கள் தமக்குள் மராட்டியிலும், வடநாட்டு அடியாரிடம் இந்தியிலும், தென்னாட்டவரிடம் தமிழிலும் ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசுவதைக் கேட்ட பேரனுக்கு, மூலவரைக் கண்டதைவிட அது பெரிய வியப்பாக இருந்தது. விடியற்காலையில் நடக்கும் படிக இலிங்க தரிசனத்துக்கு மறுநாள் அப்பத்தா பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிச் சென்றார். பால் வழியும் அப்படிகத்தின் ஊடே பின்னால் உள்ள விளக்கின் சுடர் தெரிந்தது என்பது மட்டும் தூக்கக் கலக்கத்தில் நினைவில் தங்கியது.

மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர், கொழும்பு வழியாகப் பாம்பனில் இறங்கி, 1897 ஜனவரி 27ஆம் நாள் இக்கோயிலில் உரையாற்றியபோது, ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்னும் கருத்தை வலியுறுத்தினார். யாத்திரிகருக்கு இலவசத் தோணியும் சத்திரமும் அமைத்த மண்ணில் அக்கருத்து அந்நியமாக ஒலித்திருக்காது.

சேது யாத்திரை இராமேசுவரத்தில் நிறைவடைவதில்லை என்பது பலர் மறந்துவரும் செய்தி. மரபுப்படி இங்குள்ள கடல் மணலை எடுத்துச் சென்று பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்த பின்னரே அது முற்றுப்பெறும். அப்பத்தா அக்னி தீர்த்தக் கரையில் ஒரு பிடி மணலை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார். காசிக்குச் செல்லும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து உறவினர் ஒருவர் புறப்பட்டபோது அந்த முடிச்சை அவரிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்தவர், வாய் ஈயத்தால் அடைத்த செப்புச் சொம்பு ஒன்றைக் கொடுக்க, அது பூசையறையில் மாடத்தின் ஓரத்தில் இருந்து வந்தது. அதைச் சேதுவுக்குக் கொண்டுசெல்லும் முறை வந்தபோது அப்பத்தா இல்லை. மகன்மார் இருவரும் போய், கோயில் அலுவலகத்தில் அபிடேகக் கட்டணம் கட்டி, சொம்பைப் பூசகரிடம் கொடுத்துவிட்டு, அப்பத்தாவின் பெயரும் நட்சத்திரமும் எழுதிய இரசீதுடன் அன்று மாலை வண்டிக்கே ஊர் திரும்பினர்.